வெல்க்ரோ கொசுவலையும் கதவடி பிரஷும் வண்டுக்கு வேலை செய்யுதா?

பெங்களூர் அல்சூர்ல கிரவுண்ட் ஃப்ளோர் வீடு, காம்பவுண்ட்டை ஒட்டி வேப்பமரம், அதனால ஏப்ரல் மே மழை ஆரம்பிச்சாலே ராத்திரி ட்யூப்லைட்ல டொக் டொக்னு காபிக்கலர் வண்டு மோதி மல்லாக்க விழுந்து காலை உதைச்சிக்கிட்டு கெடக்கும். மண்ணுக்குள்ள வெள்ளைப் புழுவா வேரைத் தின்னு வளர்ந்து, மழை ஈரம் பட்டதும் வெளிய வந்து வேப்பிலை தின்ற வகை இது, நம்மள ஒண்ணும் பண்ணாது, ஆனா சாம்பார்ல விழுந்தா யாரு சாப்பிடறது?

ஒரு பெஸ்ட் கன்ட்ரோல்காரங்களுக்கு போன் போட்டா என்ன பூச்சின்னு கூட கேக்காம வருஷ கான்ட்ராக்ட் போடுங்க சார்னாங்க. வெளியில இருந்து லைட்டுக்குப் பறந்து வர்றதுக்கு வீட்டுக்குள்ள மருந்தடிச்சு என்ன புண்ணியம், வேணாம்னுட்டேன்.

ஜன்னலை அளந்து ஆன்லைன்ல வெல்க்ரோ டேப்ல ஒட்டி உரிக்கற வலை வாங்கினோம். ஃபைபர் கிளாஸ் வலை, பெரிய வண்டு முட்டி மோதினாலும் கிழியல. ஃப்ரேமை நல்லா தொடச்சு காய வெச்சு டேப் ஒட்டணும், தூசி இருந்தா ஒரு ஓரமா உரிஞ்சு வரும், அந்த ஓரமே அதுங்களுக்குப் போதும். ஸ்லைடிங் ஜன்னல்னா கீழ தண்ணி போற ஓட்டையையும் பாருங்க, முன்னாடி துண்டு வலை ஒட்டுங்க, அடைச்சிடாதீங்க. கதவுக்குக் கீழ இருக்கற இடுக்கை அடைக்க மாட்டற கதவடி பிரஷ் சுமார்தான், எங்க கதவு கீழ கோணலா இருக்கறதால ஒரு மூலைல வெளிச்சம் தெரியுது. வாசல் பல்பை வெள்ளைல இருந்து மஞ்சளுக்கு மாத்தினது பிரஷை விட நல்லா கேட்டுச்சு.

ஒண்ணு மட்டும் கவனம், எறும்பு மாதிரி ஒல்லியா கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி ஒண்ணு வரும், பேடரஸ்னு பேரு. கையில உக்காந்தா நசுக்காதீங்க, ஊதி விட்டுட்டு சோப்பு போட்டு கழுவுங்க, நசுக்கினா அதோட ரசம் பட்டு அடுத்த நாள் கொப்புளம் போடும்.

அரிசில விழற மூக்கு நீண்ட வண்டுக்கு இந்த வலை வேஸ்ட், அது கடையிலேயே அரிசிக்குள்ள முட்டை வெச்சு மூட்டையோட வர்றது. கொஞ்சமா வாங்கி டப்பால இறுக்கி மூடுங்க, ரவை மைதாவை நாலு நாள் ஃப்ரீசர்ல வெச்சா உள்ள இருக்கறது செத்துடும்.

வலைக்கு 5க்கு 4, பிரஷுக்கு 2. வெள்ளை வலை வேணாம், பெங்களூர் தூசிக்கு கறுப்பே எடுங்க.