கீச்சுச் சத்தத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது, காரின் சத்தம் மட்டும் போகவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். இந்தச் சத்தத்தை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன்.

முன்பக்கத்திலிருந்து ‘கீச் கீச்’ என்று வரும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் கேட்கும், வேகமாகப் போகும்போது கேட்காது. மழை பெய்த நாளில் அறவே இருக்காது, வெயில் காய்ந்ததும் திரும்பி வந்துவிடும். இவ்வளவையும் நான் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுவிடாமல் சொன்னேன். வரவேற்பில் இருந்தவர் அட்டையில் எழுதிக்கொண்டது ‘முன்பக்கம் சத்தம்’ என்ற இரண்டே வார்த்தைகள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்லா கம்பெனி வண்டிகளையும் பார்க்கும், பளிச்சென்று தரை துடைத்து வைத்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப். அங்கே மூத்தவர் ஒருவர் வந்தார். பானெட் ஓரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினார், கீச்சென்றது. குனிந்து சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டு, வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரில் விரலைத் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. “பாருங்கள் சார், கசிகிறது. இரண்டு பக்கமும் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் டயரும் வீணாகிவிடும்” என்றார். குடும்ப டாக்டர் போல அத்தனை நிதானம், அத்தனை அக்கறை. கண்ணெதிரே பிசுக்கைக் காட்டிய பிறகு யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? அரை மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்தபோது சத்தம் இல்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதே கீச். போதாததற்கு ஸ்டீயரிங் வேறு ஒரு பக்கமாக இழுத்தது.

போன் செய்தால் “புதுச் சாமான் சார், பழக வேண்டும்” என்றார்கள். நேரில் போனால் “மேனேஜர் வெளியே போயிருக்கிறார்.” மறுபடி போனால் “வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்.” பழசு என்பது பணம் வாங்கும்போது தெரியவில்லையா? கழற்றிய ஷாக்குகளைக் கேட்டேன், “அன்றே காயலான் கடைக்குப் போய்விட்டது” என்றார்கள். கடைசியில் அந்த மூத்தவரே வந்து, துளியும் கூசாமல், “லோயர் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் கை) மாற்றிப் பார்க்கலாம்” என்றார். பார்க்கலாமாம்! என் காசில்!

பிறகு ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டதே “மழையில் சத்தம் வருமா?” என்றுதான். உதவியாளரை வண்டியை அழுத்தி ஆட்டச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு கீழே படுத்தார். லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பரான புஷ்ஷில் பீய்ச்சினார், சத்தம் நிற்கவில்லை. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பரில் பீய்ச்சினார், சட்டென்று நின்றது. கழற்றிக் காட்டினார். காய்ந்து வெடித்து, கம்பி உரசிய உட்பக்கம் மட்டும் கண்ணாடி போல் மினுங்கியது. மாற்றியது இரண்டே ரப்பர்த் துண்டுகள். அவற்றின் விலையை அந்த ஒர்க்‌ஷாப் பில்லுக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்புதான் வரும்.

வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பெரிய இடத்தில் லோயர் ஆர்ம் புஷ்களில் எண்ணெய் அடித்துவிட்டிருந்தார்கள், அதன்மேல் தூசி அப்பியிருந்தது. ஸ்டெபிலைசர் பார் ரப்பரின் ஓரத்திலும் அதே பிசுக்கு. அந்தச் சில நாள் அமைதிக்குக் காரணம் அதுதான், புது ஷாக் அல்ல. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும். ஷாக்கின் மேல் லேசாகப் பிசுக்கு படிவது சகஜம் என்றும், எண்ணெய் வழிந்து நனைந்திருந்தால்தான் கசிவு என்றும் பட்டறைக்காரர் சொன்னார். ஷாக் உண்மையிலேயே போய்விட்டிருந்தால் அழுத்திவிட்ட வண்டி நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். அன்று அந்த மனிதர் அழுத்தியபோது என் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றது, நானே பார்த்தேன். ஸ்டீயரிங் இழுத்ததற்கும் காரணம் இருந்தது: ஷாக்கைக் கழற்றி மாட்டிவிட்டு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பார்க்கவே இல்லை. அரை மாதச் சம்பளம் வாங்கியும்!

வீட்டிலேயே கண்டுபிடிப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தண்ணீர்ச் சோதனையை முதலில் செய்யுங்கள், ஒவ்வொரு ரப்பராக. நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே முனகினால் ஷாக்கின் மேல்முனையைத் திரும்ப விடும் மவுன்ட் பேரிங், லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அந்த ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் தவிர வேறு எதையும் தடவ விடாதீர்கள். லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கழற்றிய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

நேற்றுகூட போன் செய்தேன், எடுக்கவில்லை. எண்ணெய் பட்ட லோயர் ஆர்ம் புஷ்கள் வெகுநாள் தாங்காதாம். அதற்குத் தனிச் செலவு காத்திருக்கிறது.