ஆர்.வி. டயருக்குக் காற்றடிக்க எந்தக் கம்ப்ரெசர்? பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கம்ப்ரெசர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 150 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஆர்.வி.க்கு, அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்கு, வாங்கிவிடாதீர்கள். அது எந்த அழுத்தம் வரைக்கும் தள்ளும் என்பதற்கான எண், அவ்வளவுதான். உங்கள் டயருக்கு வேண்டிய அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தரும், சூடேறி நிற்காமல் எத்தனை நிமிடம் ஓடும், அதற்குக் கரன்ட் எங்கிருந்து வரும், இந்த மூன்றையும் அந்த எண் சொல்வதில்லை. காருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆர்.வி.க்கு இதுதான் எல்லாமே.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். 25 அடி டிராவல் டிரெய்லர் (இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும் ஆர்.வி.), இரண்டு ஆக்ஸில், நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி. இழுப்பது பிக்கப் டிரக். டிரெய்லர் டயர் எஸ்.டி.225/75ஆர்15, லோடு ரேஞ்ச் (எடை தாங்கும் தரம்) ஈ, அதாவது டயர் குளிர்ந்திருக்கும்போது 80 பி.எஸ்.ஐ. இதே அளவு டயர் லோடு ரேஞ்ச் டி என்றால் 65. உங்களுடையது எது என்று டயரின் பக்கவாட்டிலும், டிரெய்லரின் இடதுபக்க முன்மூலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் இங்கே எல்லோரும் போகிற இடம் ஃபிளாக்ஸ்டாஃப். ஐ-17 நெடுஞ்சாலையில் சுமார் 150 மைல்தான், ஆனால் 1,200 அடி உயரத்திலிருந்து 7,000 அடிக்கு ஏறுகிறோம். சாண்ட்லரில் விடியற்காலை 85 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 80 என்று சரியாக வைத்துவிட்டுக் கிளம்பினால், மறுநாள் காலை ஃபிளாக்ஸ்டாஃபில் 40 டிகிரியில் அதே டயர் 75 சொல்லும். காற்று எங்கேயும் ஒழுகவில்லை. வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ இரண்டு பி.எஸ்.ஐ. குறையும், மேலே ஏறியதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, மீட்டரில் மூன்று பி.எஸ்.ஐ. போலக் கூடும்; இரண்டையும் கழித்துக் கூட்டினால் இந்த ஐந்து வித்தியாசம் வந்துவிடுகிறது. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் பக்கம் போவதென்றால் காலையில் ஐந்து பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

ஐந்துக்கு இவ்வளவு அக்கறையா என்றால், டிரெய்லருக்கு ஆமாம். டிரெய்லர் டயர் பெரும்பாலும் அதன் முழுத் தாங்குதிறனுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். காற்று குறைந்தால் பக்கவாட்டு அதிகமாக மடங்கி நிமிரும், அதில் சூடு ஏறும், அரிசோனா கோடையில் தார்ச்சாலையின் சூடும் சேர்ந்துகொள்ளும். இழுக்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒரு டயர் நொந்துபோவது தெரியவே தெரியாது. காரில் இருக்கிற மாதிரி டயர் அழுத்த எச்சரிக்கை டிரெய்லரில் கட்டாயமும் இல்லை. 2008 மாடலில் இருந்து அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்த அந்த விதி டிரெய்லரைத் தொடாது, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள மோட்டார்ஹோமையும் (தானே ஓடும் ஆர்.வி.) தொடாது. அதனால் டி.பி.எம்.எஸ். என்கிற அந்த எச்சரிக்கைக் கருவியைத் தனியாக வாங்கி மாட்டுவது எவ்வளவு அவசியமோ, அது அலறும்போது கையில் ஒரு நல்ல கம்ப்ரெசர் இருப்பதும் அவ்வளவு அவசியம்.

பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: கார் ஓரமாக நிற்கிற இடத்தில் 25 அடி டிரெய்லரோடு திரும்புவதே பெரும் பாடு. மேலும் அங்கே இருக்கிற காசு போடும் மெஷின்கள் காருக்கானவை, பல இடங்களில் 60ஐத் தாண்டியதும் திணற ஆரம்பித்துவிடும். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிட்டிருக்கும். குளிர்ந்த அழுத்தம் என்றால் வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், வெயிலும் டயர்மேல் விழுந்திருக்கக் கூடாது. அதைச் சரியாக வைக்க வேண்டுமென்றால் நீங்கள் தூங்கி எழுந்த இடத்திலேயே காற்று வேண்டும்.

டிரக்கோடு வந்த அவசரப் பையில் ஒரு குட்டி கம்ப்ரெசர் இருந்தது, லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற வகை. டிரக் டயர் 35தான், அதற்கு நன்றாகவே வேலை செய்தது. டிரெய்லரில் 70லிருந்து 80க்கு ஏற்றப் போனால் மோட்டாரின் குரலே மாறிவிடும். முள் ஒவ்வொரு கோடாக நகரும். இரண்டாவது டயர் முடிவதற்குள் பிளாஸ்டிக் வாசனை வரும். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்பியர், 12 வோல்ட்டில் பெருக்கினால் 180 வாட். அந்த வழியாக எவ்வளவு பெரிய கம்ப்ரெசரை வைத்தாலும் 180 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் கம்ப்ரெசர்கள் 30 ஆம்பியர் வரை எடுக்கும், அதாவது இரண்டு மடங்கு. ஆர்.வி.க்குத் தேடும்போது லைட்டர் சாக்கெட் வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று. 20லிருந்து 35க்கு ஏற்றுவதற்கும் 65லிருந்து 80க்கு ஏற்றுவதற்கும் தேவைப்படும் வெளிக்காற்றின் அளவு ஒன்றேதான். வித்தியாசம் கம்ப்ரெசருக்குள் நடக்கிறது. உள்ளே பிஸ்டன் ஒவ்வொரு முறையும் காற்றை டயரில் இருக்கும் அழுத்தத்துக்கு மேலே அமுக்கினால்தான் வால்வு திறக்கும். அழுத்தம் கூடக் கூட, அடிக்கு அடி வெளியே போகும் காற்று குறைந்துகொண்டே வரும், சூடு ஏறிக்கொண்டே போகும். சைக்கிளுக்குக் கைப்பம்பு அடித்தவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து அடிதான் தோளை வாங்கும். பெட்டியில் போடுகிற சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண் பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாமல், பூஜ்ஜியத்தில் அளந்தது. தயாரிப்பாளர் தளத்தில் 60, 80, 100 என்று அழுத்தவாரியான அட்டவணை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதை வெளியிடும் நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

நான் சில வருடங்களாக வைத்திருப்பது வைஏர் 400பி-ஆர்.வி. பேட்டரி கிளிப், 150 பி.எஸ்.ஐ. உச்சம், பூஜ்ஜியத்தில் 2.3 சி.எஃப்.எம்., 100 பி.எஸ்.ஐ.யில் 33 சதவீத டியூட்டி சைக்கிள் (மொத்த நேரத்தில் ஓடக்கூடிய பங்கு). இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஓய்வு. கேட்க மோசமாகத் தெரியும், ஆனால் டிரெய்லருக்குப் பொருத்திப் பார்த்தால் போதுமானது: 75லிருந்து 80க்கு ஒரு டயர் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, நான்கு டயரும் இடம் மாறும் நேரத்தோடு சேர்த்து ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பஞ்சர் ஒட்டி, பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றுகிற டயருக்குத்தான் தொடர்ந்து ஓட வேண்டி வரும், அப்போது முடித்தவுடன் ஆறப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

அந்த டியூட்டி சைக்கிள் 72 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றுச்சூழலுக்குச் சொன்னது என்பதையும் மறக்க வேண்டாம். ஜூலை மாத சாண்ட்லரில் 110 டிகிரி. தரையில் வைத்தால் கான்கிரீட்டின் சூட்டையும் கம்ப்ரெசர் வாங்கிக்கொள்ளும். நான் டிரெய்லரின் நிழல் விழும் பக்கத்தில், ஒரு மரப்பலகையின் மேல் வைத்துத்தான் ஓட்டுகிறேன். சிலிண்டர் தலைப்பகுதி சில நிமிடத்திலேயே தொட முடியாத சூட்டுக்குப் போய்விடும். அதிலிருந்து புறப்படும் முதல் குட்டைக் குழாயை உலோகப் பின்னலோடு போட்டிருப்பது அதற்காகத்தான். மடக்கி வைக்கும்போது அந்த இடத்தைக் கையால் பிடிக்காதீர்கள்.

இந்த மாடலை எடுத்ததற்கு எனக்குப் பெரிய காரணம் குழாய். 30 அடி முதன்மைக் குழாய், இன்னொரு 30 அடி நீட்டிப்பு. கிளிப்பை டிரக்கின் பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியில் போட்டால், அங்கிருந்து டிரெய்லரின் பின் ஆக்ஸில் வரைக்கும் போக வேண்டும். குழாய் எட்டவில்லை என்றால் கம்ப்ரெசரின் வேகமெல்லாம் எதற்கு? பேசுகிறவர்கள் வேகத்தைப் பேசுகிறார்கள், வாங்கி வந்தபிறகு பத்தடிக் குழாயை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். டிரெய்லரின் முன்னால் இருக்கும், அதன் உள்ளே கரன்ட் தருகிற பேட்டரியிலும் கிளிப் போடலாம், நானும் போடுகிறேன், ஆனால் அது பழைய லெட் ஆசிட் பேட்டரி என்றால் வோல்ட் இறங்கி மோட்டார் மெதுவாகும். டிரக் இன்ஜினை ஓடவிட்டால் 14 வோல்ட் பக்கம் கிடைக்கும், வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

அடிக்கிற முறை எனக்கு இப்படி அமைந்துவிட்டது. முதலில் நான்கு டயரையும் தனி டிஜிட்டல் மீட்டரில் பார்த்து எழுதிக்கொள்வேன். கம்ப்ரெசரை ஓடவிட்ட பிறகுதான் வால்வில் குழாயை மாட்டுவது, எதிரழுத்தத்தோடு ஸ்டார்ட் ஆகச் சொன்னால் மோட்டார் கஷ்டப்படும். குழாய் முனையின் துப்பாக்கிக் கைப்பிடியில் இருக்கும் மீட்டர் காற்று போய்க்கொண்டிருக்கும்போது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்; விசையை விட்டுவிட்டு முள் இறங்கி நின்றபின் வாசிக்க வேண்டும். வால்விலிருந்து தலையைக் கழற்றும்போது அந்த 'புஸ்'ஸில் ஒன்று போகும், அதற்காக 81ல் நிறுத்துவேன். சத்தம் கணிசமாகவே வரும். பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பதால், ஆறு அடித்ததும் வெயில் டயரைத் தொடுவதற்குள் என்று ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கிறது. வெயில் படும் பக்கத்து டயர் சீக்கிரமே இரண்டு மூன்று கூடக் காட்ட ஆரம்பித்துவிடும். ஓடி வந்த டயர் 90ஐத் தாண்டிக் காட்டினால் பதறிப்போய்க் காற்றை இறக்காதீர்கள், அது இயல்பு.

பேட்டரியில் ஓடும் கையடக்கக் கம்ப்ரெசர்களையும் கேட்கிறார்கள். மில்வாக்கி எம்18, 150 பி.எஸ்.ஐ. வரை போகும்; டிவால்ட் 20 வோல்ட் மாடல் 160 வரை, அது தன் பேட்டரி, 12 வோல்ட், வீட்டு மின்சாரம் என்று மூன்றிலும் ஓடும். பக்கத்து ஸ்பாட்டில் இருந்த நண்பருடைய மில்வாக்கியை என் டயரில் வைத்துப் பார்த்தேன், குழாய் இழுக்கிற வேலையே இல்லாமல் டயருக்கு டயர் தூக்கிக்கொண்டு போக முடிகிறது, எண்ணை வைத்துவிட்டால் தானாக நிற்கிறது. ஐந்து பி.எஸ்.ஐ. டாப்-அப்புக்கு இது அருமை. அந்த கம்பெனி பேட்டரிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஆனால் வனத்துறைச் சாலையில் டயர் காலியாகி, ஒட்டிவிட்டு பூஜ்ஜியத்திலிருந்து 80க்கு ஏற்றுகிற நாளில் நான் கிளிப் வகையைத்தான் நம்புவேன்.

எப்போதும் ஹூக்-அப் (வண்டிக்குக் கரன்ட் இணைப்பு) உள்ள கேம்ப்கிரவுண்டுக்கே போகிறவர்களுக்கு 120 வோல்ட் பான்கேக் கம்ப்ரெசரும் (தட்டையான தொட்டி வைத்தது) நல்ல தேர்வு. போர்ட்டர்-கேபிளின் 6 கேலன் மாடல் 90 பி.எஸ்.ஐ.யில் 2.6 சி.எஃப்.எம். தருகிறது, நான் மேலே சொன்ன 12 வோல்ட் பொருட்கள் கிட்டவே வர முடியாது. 30 பவுண்டு எடை, இடம் அடைக்கும், கரன்ட் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் இல்லாமல் ஓடாது. என் கராஜில் வைத்துக்கொள்ள ஆசைதான், டிரெய்லரில் அதற்கு இடமில்லை.

மோட்டார்ஹோம்காரர்களுக்குக் கணக்கு மாறும். பெரிய கிளாஸ் ஏ வண்டியில் (பஸ் மாதிரி இருக்கும் மோட்டார்ஹோம்) 22.5 அங்குல டயர், 100க்கும் மேலே அழுத்தம், டயரின் கொள்ளளவும் பல மடங்கு. அங்கே 33 சதவீதம் போதாது. வைஏர் கம்பெனியின் 450பி-ஆர்.வி. 100 பி.எஸ்.ஐ.யில் 100 சதவீத டியூட்டி சைக்கிள். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் நிற்காமல் ஓடும். வேகமா, நிற்காத ஓட்டமா என்றால் அந்த வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்க டயரின் வால்வுக்குக் கை போகாது, நீண்ட, வளைந்த தலை கூட வருகிறதா என்று வாங்கும்முன் பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரெசர் வாங்குகிற அதே வாரத்தில் வால்வையும் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு, டி.ஆர்.413 வகை, 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். 80 ஏற்றுகிற டயரில் அது இருக்கவே கூடாது, அதன் தலையில் டி.பி.எம்.எஸ். சென்சாரின் எடையும் சேர்ந்தால் இன்னும் மோசம். டயர் கடையில் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். டயர் மாற்றும்போதே சொன்னால் கூடுதல் செலவு சில டாலர்தான், பிறகு தனியாகப் போனால் ஒவ்வொரு டயரையும் ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்தே போடச் சொல்லிவிடுங்கள்.