ஊர் நூலகத்தில் ஒரு சொத்துரிமைக் கேள்வி

இம்முறை மதுரைப் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது, தாத்தாவின் பூர்வீக நிலத்தில் தனக்குப் பங்கு உண்டா என்பதை வக்கீலிடம் போகும் முன் படித்தறிய விரும்பிய அத்தையுடன் அருகிலிருந்த பொது நூலகம் ஒன்றுக்குச் சென்றேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால் கூடம் நிறைந்திருந்தது. அவர்களுக்கு வேண்டிய நூல்கள் ஒழுங்காக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. சட்ட அலமாரியின் நிலைதான் வேறு.

அங்கே கிடைத்த இந்து வாரிசுரிமைச் சட்டப் புத்தகம் 2005 திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. அதன் பின்னிணைப்பில் தமிழ்நாட்டின் 1989 திருத்தம் இருந்தது. அதுவோ அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமான பெண்களை விலக்கிவைத்திருந்தது. 1984இல் மணமான அத்தை அதைப் படித்துவிட்டுத் தனக்கு ஒன்றுமில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டார். 2005 திருத்தத்தால் அவ்வாண்டு செப்டம்பர் 9 முதல், எப்போது மணமாகியிருந்தாலும் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்பதும், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த அலமாரியில் எங்குமே இல்லை. வழக்கொழிந்த சட்டத்தை ஒரு குறிப்புமின்றி வைத்திருப்பதைவிட அலமாரியைக் காலியாக விடுவது மேல்.

நூலகர் அன்பாகவே பேசினார். ஆனால், சட்டம் என்றதும் “வக்கீலைப் பாருங்கம்மா” என்று ஒதுங்கிவிட்டார். நான் வாழும் கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் போன்றது) பொதுமக்களுக்கான சட்ட நூலகம் உண்டு. உரிமையியல் வழக்குகளின் தாக்கல் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குச் செல்கிறது. அங்குள்ள நூலகர் உங்கள் வழக்கு வெல்லுமா என்று சொல்லமாட்டார். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, இன்று நடப்பிலுள்ள வாசகம் இதுதானா, தீர்ப்பை எப்படித் தேடுவது என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டித் தருவார். தகவல் வேறு, ஆலோசனை வேறு என்ற வரம்பு தெளிவாக இருப்பதால் அவருக்குத் தயக்கமில்லை. நம் நூலகர்களுக்கும் அந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

இதற்குப் பெரும் செலவும் இல்லை. மத்தியச் சட்டங்கள் இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023இல் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகத்துக் கணினியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைத் திறந்து அத்தைக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது என்ற இடம் வந்ததும், “அண்ணன்மாரு வாய்ப்பேச்சாப் பிரிச்சுக்கிட்டது இதுல சேருமாப்பா?” என்று நிறுத்தினார். பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை வழி நடந்தது என அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. வாய்மொழிப் பிரிவினை ஏற்கப்படும் அரிதான சூழல்களையும் வினீதா சர்மா தீர்ப்பு பேசுவதால், அதற்குமேல் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கும் வழியுண்டு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கேட்கலாம், உதவி எண் 15100. இதைச் சொன்னதும் நூலகர் அந்த எண்ணை எழுதி மேசையருகே ஒட்டினார். பழைய பதிப்பைத் தனியே எடுத்துவைப்பதாகவும் சொன்னார். அத்தை வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.