ராத்திரி எதில் திரும்புவீர்கள்? காரைக்குடிக்குப் போய்வர பஸ், எக்ஸ்எல், ரயில், ஆட்டோ

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் காலையில் எப்படியாவது காரைக்குடி போய்ச் சேர்ந்துவிடலாம். சிக்கல் எல்லாம் ராத்திரி 8 மணிக்கு மேல், திரும்பும்போதுதான். அதனால் போகிற வண்டியை விட்டுவிட்டுத் திரும்புகிற வண்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

செலவில் டவுன் பஸ்ஸோடு எதுவும் போட்டி போட முடியாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது. ஜவுளிக்கடை வேலைக்கு மாதம் 26 நாள் போய்வருகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம். அதே ரோட்டில் ஓடும், வெளியூர் போகிற ரூட் பஸ்ஸுக்கும் தனியார் மினிபஸ்ஸுக்கும் இந்தச் சலுகை இல்லை. அவசரத்தில் போர்டு பார்க்காமல் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் வாதாடிப் புண்ணியமில்லை.

ரூட் பஸ்ஸில் இன்னொரு தொல்லை, விலக்கு, அதாவது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம். நெடுஞ்சாலையில் போகிற வண்டி ஊருக்குள் திரும்பாது, விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும் பாயின்ட் டு பாயின்ட் வண்டி என்றால் விலக்கிலும் நிற்காது. விலக்கிலிருந்து வீடு வரைக்கும் உள்ள இருட்டையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ் ஊருக்குள்ளேயே வரும், ஆனால் டிரைவர் லீவு என்றால் முதலில் 'டிரிப் கட்' ஆவது கிராமத்து டிரிப்தான். உங்கள் ஊரில் நைட் ஹால்ட் பஸ் உண்டா என்று விசாரியுங்கள். ராத்திரி வந்து ஊரிலேயே தங்கி, விடிந்ததும் கிளம்புகிற வண்டி அது. அது இருக்கும் ஊர்க்காரர்கள் சொந்த வண்டி இல்லாமலே வேலைக்குப் போய்விடலாம்.

நைட் ஹால்ட் பஸ் இல்லாத ஊருக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்தான். எக்ஸ்எல் 100-க்கு 99.7 சிசி இன்ஜின், 4 லிட்டர் டேங்க், கியர் கிடையாது. ஒரு வழி 15 கிலோமீட்டர் என்றால் போக வர 30. லிட்டருக்கு 50 கிடைத்தால் திங்கட்கிழமை நிரப்பிய டேங்க் சனிக்கிழமை வரை தாங்கும். மாதம் ஏறக்குறைய 16 லிட்டர். டயர், செயின், பிரேக் ஷூ தேய்மானம் தனி.

கேஸ் சிலிண்டர், காய்கறி மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறும் வண்டி. கனமானதைக் கால் வைக்கும் தட்டில் வைத்துக் கட்டுங்கள், ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பாரத்தோடு வரும்போது பிரேக் பிடித்த இடத்தில் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

இந்தச் சீமையில் எக்ஸ்எல்லுக்கு எதிரி சீமைக்கருவேல முள். டியூபைக் குத்திவிட்டு நுனி மட்டும் ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒட்டுப் போட்டு மாட்டிய டியூப் மறுநாளே அதே இடத்தில் இறங்கினால் காரணம் அதுதான். ஒட்டுப் போட்டவரைத் திட்டாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடைத்தால் முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும். குறடால் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன நாளுக்கு முன்பே பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுக்காமல் ஓட்டினால் சக்கரம் இறுகும், இழுவை போகும்.

பிளஸ் டூ பையனிடம் இதைக் கொடுத்தனுப்புவது தப்பு. 50 சிசிக்கு மேல் 18 வயது ஆகவேண்டும்; பிடிபட்டால் வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பள்ளிக்கூடத்துக்கு அரசு கொடுத்த சைக்கிள் போதும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தூரத்துக்குத் தாராளமாகப் போதும், வீடுதான் ஒத்துவராது. செட்டிநாட்டு வீடுகள் உயரத்தில் கட்டியவை, படியேறி வண்டி உள்ளே போகாது. தெருவில் நிறுத்தி நீள வயர் இழுத்தால் வயர் சூடாகும். பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோகும் மாடல் என்றால் யோசிக்கலாம்.

ரயில் திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு. செட்டிநாடு, கோட்டையூர் ஸ்டேஷன்கள் திருச்சி–காரைக்குடிப் பாதையில்தான் இருக்கின்றன. பயணிகள் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். காரைக்குடி வரைக்கும் மட்டும் போகிறவருக்கு லாபமில்லை, ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வர இன்னொரு வண்டி பிடிக்கவேண்டும். பெயரை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஒன்று: தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் தேவகோட்டை ஊருக்குள் இல்லை, அங்கிருந்தும் பஸ்தான்.

ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் நகரும். பயணிகள் ஆட்டோவுக்குப் பெர்மிட் மூன்று பேருக்கு. ஏழெட்டுப் பேரோடு போய் விபத்து என்றால் இன்சூரன்ஸில் இழுத்தடிப்பார்கள். தனி ஆட்டோ பேசினால் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அதில் நியாயமும் உண்டு. முகூர்த்த நாளில் வெளியூர்ப் பங்காளிகள் வந்து இறங்கும்போது எந்த விலைக்கும் ஆட்டோ கிடைக்காது, முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும். அப்படிச் சொல்லும்போது தெருப் பெயரோடு முன்வாசலா பின்வாசலா என்பதையும் சொல்லிவிடுங்கள். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். ஆட்டோ ஒரு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், ஆயா மறுவாசல் படியில் பையோடு உட்கார்ந்திருப்பார்.