பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடிய குடில்: காகிதக்கூழ் பொம்மைத் தொகுப்பு ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறன்று அண்ணன், தங்கை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் எங்கள் புதுச்சேரி வீட்டில் ஒரு மாலை ஒன்றுகூட்டுவது என்று முடிவானபோது, கேக்கையும் பரிசுப் பொருள்களையும் விட நான் அதிகம் யோசித்தது குடில் பொம்மைகளைப் பற்றித்தான். வருகிறவர்களில் மூத்தவளுக்கு ஒன்பது வயது, கடைக்குட்டிக்கு மூன்று. இந்த வயதுப் பிள்ளைகளை அரைமணி நேரம் உட்காரவைத்துப் பிறப்பின் கதையைச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பொம்மையைக் கையில் கொடுத்து, கதை போகப் போக அவர்களே கொண்டுபோய்க் குடிலில் வைக்கட்டும் என்று விட்டால் சொல்லலாம். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய குடில்தான் வேண்டும் என்று தேடி, திருக்கனூர்ப் பக்கத்துக் கைவினைஞர் ஒருவரிடம் 14 உருவங்கள் கொண்ட காகிதக்கூழ்த் தொகுப்பு ஒன்றை வாங்கினேன்.

புதுச்சேரிக்கு மேற்கே உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ் கைவினைக்கும், வில்லியனூரின் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஊறவைத்து அரைத்த காகிதத்தோடு மாவுப் பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் முன்பாதி பின்பாதியாக அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். உள்ளே கூடாக இருப்பதால் பொம்மைக்கு எடையே இல்லை. முக்கால் அடி உயரமுள்ள சூசையப்பரை மூன்று வயதுப் பிள்ளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதே அளவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை என்றால் நாம் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தொகுப்புகளே. முகம் திருத்தமாக இருக்கும். ஆனால் ஒருமுறை தரையில் விழுந்தால் கழுதைக்குக் காது இருக்காது. சுடுமண் பொம்மைகள் அழகில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பவை என்பது என் கருத்து, இருந்தாலும் அவற்றை மொசைக் தரையில் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பளபளப்பான ரெசின் பொம்மைகள் உடையாவிட்டாலும் கனமானவை, அந்தக் கனத்தோடு தம்பியின் தலையில் இறங்கக்கூடியவை. காகிதக்கூழ்ப் பொம்மை விழுந்தால் உருண்டு போகிறது. மிஞ்சிப்போனால் ஓரத்தில் வண்ணம் பெயர்கிறது.

கூடுகையில் பொம்மைகள் எப்படி நின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூடத்தின் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிய காலிக் குடிலை முன்கூட்டியே அமைத்திருந்தோம். பிள்ளைகள் வந்தவுடன் ஒரு கூடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பொம்மையை எடுத்தார்கள். மாதா எனக்குத்தான் வேண்டும் என்ற சண்டை இதனால் பாதியாகக் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. அப்பா லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மெல்ல வாசித்தார். தங்கள் பொம்மையின் பெயர் காதில் விழுந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நடக்க வேண்டும். இடையர்கள் இருவரும் ஆட்டுக்குட்டிகளோடு சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். சம்மனசை, அதாவது வானதூதரை, வைத்திருந்தவள் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள். தன் பெயரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிள்ளை கதையைக் கவனித்துக் கேட்கிறது என்பதுதான் இந்த முறையின் பயன், அதற்குப் பொம்மை கையில் இருந்தாக வேண்டும்.

கழுதையை வைத்திருந்த ஏழு வயதுக்காரன் வாசகம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, “தாத்தா, என் கழுதை எப்ப வரும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. லூக்காவின் பிறப்பு வரலாற்றில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத் தொட்டியில் வைக்கோலிட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதை அப்பா சொன்னவுடன், பையன் தன் கழுதையைக் குடிலின் நட்டநடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். இப்படிக் கூடுகை நடத்த நினைப்பவர்கள் மாட்டுக்கும் கழுதைக்கும் ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது.

மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் அன்று குடிலுக்குள் விடவில்லை. அவர்கள் வருகை மத்தேயு நற்செய்தியில்தான் இருக்கிறது. திருநாளும் ஜனவரி 6. ஆகவே புத்தக அலமாரியின் கோடியில் வைத்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே இருக்கும் இரண்டு பிள்ளைகளும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் குடிலை நோக்கிக் கொண்டுவர ஏற்பாடு செய்தோம். ஒரே மாலையோடு முடிந்துவிடாமல் பொம்மைகள் விடுமுறை முழுவதும் புழங்கின. வண்ணத்தின் உறுதியையும் அந்த நாள்களில்தான் சரியாகக் கணிக்க முடிந்தது.

இனிக் குறைகள். முதலாவது, பாலன் இயேசு தொட்டிலோடு ஒரே அச்சாக வார்க்கப்பட்டிருக்கிறார். 24ஆம் தேதி நள்ளிரவுவரை தொட்டிலைக் காலியாக வைத்திருந்து பிறகு பாலனைக் கிடத்துவது பல குடும்பங்களில் வழக்கம். பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காத்திருப்பதும் அந்த நிமிடத்துக்காகத்தான். இந்தத் தொகுப்பில் தொட்டிலையே மறைத்துவைத்து, பாலனும் தொட்டிலுமாகச் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. முகத்தையும் துணி மடிப்பையும் இவ்வளவு பொறுமையாகத் தீட்டுகிற ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. ஒரு இடையரின் விலாவில், முன்பாதியும் பின்பாதியும் சேருமிடத்தில், மயிரிழை அளவு விரிசல் புத்தாண்டுக்குள் தோன்றிவிட்டது. காரணம் ஈரம். கொலு வியாபாரம் முடிந்த பிறகு குடில் பொம்மைகளுக்குக் கைவைத்தால், அது வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரையில் பெய்து தீர்க்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து விழுகிறது. வெயில் முழுமையாகப் படாமல் வண்ணம் ஏறிய பொம்மை மெல்ல உலரும்போது மூட்டு விட்டுக்கொடுக்கிறது. வாங்கும்போது பொம்மையின் அடிப்பாகத்தை விரலால் தட்டிப்பாருங்கள். காய்ந்ததில் டொக் என்ற வெற்றொலி கேட்கும், ஈரமானதில் சத்தம் அமுங்கிவிடும். முடிந்தால் கோடையிலேயே சொல்லிவைத்துச் செய்து வாங்குவது இன்னும் மேல்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இங்கே முத்திரையைத் தேடிப் பயனில்லை, நம் கண்தான் முத்திரை. நான் ஈரத்துணியால் ஒவ்வொரு பொம்மையையும் தேய்த்துப் பார்த்தேன். நீலமும் பச்சையும் அசையவில்லை, ராஜாக்களின் கிரீடத்துப் பொன்வண்ணம் மட்டும் துணியில் லேசாக ஒட்டியது. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் ராஜாக்களையும், கட்டைவிரல் பருமனே உள்ள அந்த இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட கூடுகைக்குத் துணிப்பொம்மைகளே ஏற்றவை. காகிதமும் வைக்கோலும் சேர்ந்த இடத்தில் மெழுகுவர்த்திக்கு வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகைக் கால வளையத்தைத் தனி மேசையில் வைத்துக்கொண்டு, குடிலுக்கு எல்.இ.டி. சீரியல் விளக்கோடு நிறுத்திக்கொண்டோம்.

தொகுப்பின் விலை ரூ. 2,800. குடிலின் கூரை இதில் சேராது. தென்னங்கீற்றால் வீட்டிலேயே வேய்ந்துகொள்ளலாம், ஆனால் ஒட்டகத்தின் உயரத்தை அளந்துவிட்டு வேயுங்கள், மற்ற பொம்மைகளோடு பொருந்தாத நெட்டை அது. அதே அளவு பிளாஸ்டர் தொகுப்பு இதில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் மட்டுமே உள்ள வீட்டில், கண்ணாடி அலமாரிக்குள் நிற்கப்போகிற குடிலுக்கு இந்தக் கூடுதல் பணம் தேவையில்லை.

திருநாள் முடிந்து எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஒரு நாள் வெயில் காட்டி, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கினால் போதும். மாவுப் பசைக்கு அந்துப்பூச்சி வரும் என்பதால் காய்ந்த வேப்பிலையை இடையிடையே போட்டேன். ரசகற்பூர உருண்டையைத் தவிர்த்துவிட்டேன், அடுத்த டிசம்பரிலும் இவற்றைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் பிள்ளைகள்தாமே. விரிசல் விட்ட இடையரைச் செய்தவரிடமே கொண்டுபோனபோது கூலி வாங்காமல் பூசித் தந்தார். தனிப் பாலனும் காலித் தொட்டிலுமாக ஒன்று செய்து தரக் கேட்டிருக்கிறேன், சித்திரை வெயிலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.