மீடியாபைப்: இரவில் வான் ஓட்டும் சாரதியின் இமைப்பை நம்பி எண்ணலாமா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் வான்களில் சாரதியின் கண் செருகுவதைக் கமராவால் பிடிக்க நினைப்பவர்களுக்கு முகத்தில் புள்ளிகள் வைத்துக் கண்ணின் இடத்தைக் காட்டும் இரண்டு இலவச நிரலகங்கள் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்புகள்) கண்ணில் படும்: டீலிப் (dlib), கூகுளின் மீடியாபைப் (MediaPipe). எடுக்க வேண்டியது மீடியாபைப்தான். டீலிப்பின் 68 புள்ளி மாதிரிக் கோப்பு கிட்டத்தட்ட 100 மெகாபைட். அதைவிடப் பெரிய சிக்கல், அதைப் பயிற்றுவித்த முகப்படத் தொகுப்பின் உரிமம் வணிகப் பாவனைக்கு இடம் தராது. மீடியாபைப் வணிகப் பாவனைக்கும் இடம் தரும் அபாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. கருவிழியோடு சேர்த்து 478 புள்ளிகள் தருகிறது.

கணக்கு இரண்டிலும் ஒன்றே. தெரேசா சௌகுபோவாவும் யான் செஹும் 2016இல் முன்வைத்த கண் விகிதம் அது: இமைகளுக்கு இடையே இரண்டு இடங்களில் உயரத்தை அளந்து கூட்டி, கண் அகலத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். மீடியாபைப்பில் ஒரு கண்ணுக்கு 33, 160, 158, 133, 153, 144 ஆகிய எண்ணுள்ள புள்ளிகள். திறந்த கண் 0.3ஐ ஒட்டி நிற்கும், மூடினால் 0.2க்குக் கீழே விழும்.

பலர் சறுக்குவது இங்கேதான். மீடியாபைப் தரும் ஆயங்கள், அதாவது புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்கள், பிக்சலில் இல்லை. அகலமும் உயரமும் தனித்தனியே 0 முதல் 1 வரை சுருக்கப்பட்டவை. படத்தின் அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்காமல் விகிதம் எடுத்தால், 1280க்கு 720 வீடியோவில் விடை 1.78 மடங்கு வீங்கும். மூடிய கண்ணின் 0.15 கூட 0.27 ஆகிவிடும். 0.2 என்று எல்லை வைத்தவருக்கு ஒரு இமைப்பும் எண்ணிக்கையில் வராது. குற்றம் மென்பொருளில் இல்லை.

அடுத்தது வெளிச்சம். ஓர் இமைப்பு 100 முதல் 400 மில்லிசெக்கன். நொடிக்கு 30 பிரேம் என்றால் 150 மில்லிசெக்கன் இமைப்பு நான்கைந்து பிரேமில் விழும். இருட்டில் வெப்கமரா தானாகவே 15க்கு இறங்கினால் இரண்டே பிரேம். 'மூன்று பிரேம் தொடர்ந்தால் இமைப்பு' என்ற விதி அதைத் தவறவிடும். ஆகவே பிரேமை எண்ணாமல் நேரத்தை அளவிடுங்கள், இருட்டில் ஒளி ஏற்கும் நேரத்தைக் கமரா தானே நீட்டும் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். இரவுக்கு அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத கமராவும் 940 நானோமீற்றர் அகச்சிவப்பு எல்ஈடியும் வேண்டும். 850 நானோமீற்றர் எல்ஈடியில் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அதன் மங்கிய சிவப்பு சாரதியின் கண்ணை இழுக்கும்.

0.2 என்ற எல்லையை எல்லோருக்கும் வைப்பதும் தவறு. சிலருக்கு இயல்பிலேயே கண் சிறியது. காலையில் ஹபரணையிலிருந்து கிழக்கே திரும்பி வரும்போது வெயில் முகத்திலடித்து எல்லோருமே கண்ணைச் சுருக்குவார்கள். புறப்பட்ட முதல் 30 செக்கனில் அந்தச் சாரதியின் கண் விகிதத்தின் இடைநிலை அளவை எடுத்து, அதன் 75 வீதத்தை எல்லையாக வைப்பது நல்ல தொடக்கம். கண் ஒரு செக்கன் மூடியிருந்தால் பஸர் ஒலிக்கட்டும்: மணிக்கு 60 கிலோமீற்றரில் அதற்குள் வான் 17 மீற்றர் ஓடிவிடும். கந்தளாய்க்கு அப்பால் யானை குறுக்கிடும் வீதியில் அதற்கு மேல் பொறுக்க முடியாது.

நிரலை வானில் ஓட்ட ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியை வைத்தால், அதற்கு 5 வோல்ட், 3 அம்பியர் தேவை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு சார்ஜர் அதைத் தராவிட்டால் பை வேகத்தைக் குறைக்கும், பிரேமும் குறையும்.

ஒரு குறை மட்டும் ஆபத்தானது. கறுப்புக் கண்ணாடி போட்டால் மீடியாபைப் 'தெரியவில்லை' என்று சொல்வதில்லை, கண் இருக்கும் இடத்தை ஊகித்துப் புள்ளி வைக்கும். விகிதம் நிமிடக்கணக்கில் அசையாமல் நின்றால் அதைத் திறந்த கண்ணாக எடுக்காமல், கமராவுக்குக் கண் தெரியவில்லை என்று சாரதிக்கு அறிவிக்கும் வரி நிரலில் கட்டாயம் இருக்க வேண்டும்.