‘ஒரிஜினல் எஞ்சின்’ என்ற ஒரு வார்த்தைக்கு 18,500 டாலர்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு டாலர். காரும் இல்லை, காசும் இல்லை. கார் தரகர்களிடமிருந்து இன்று வந்த மின்னஞ்சலைப் படித்த சூட்டோடு எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அதையே பிடித்துக்கொண்டு என் மீது திரும்புவார்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். இவர்கள் அரிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை உரிமையாளர் சார்பில் இணையத்தில் விற்றுக் கொடுக்கும் தரகர்கள். கார் அவர்களுடையது அல்ல, கமிஷன் மட்டும் அவர்களுக்கு. இந்த ஏற்பாட்டின் அருமை பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுதான் புரியும். உரிமையாளர் தரகரைக் கை காட்டுவார், தரகர் உரிமையாளரைக் கை காட்டுவார்.

கார் 1962 ஜாகுவார் ஈ-டைப் கூபே (மேற்கூரை மூடிய வகை), 3.8 லிட்டர் எஞ்சின், இடப்பக்க ஸ்டீயரிங். இந்த வண்டி மேல் எனக்கு எத்தனை நாள் ஆசை என்று பழக்கமானவர்களுக்குத் தெரியும். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது அதில் இருந்தவற்றைப் பாருங்கள்: ஆறு சிலிண்டர் எஞ்சின், மூன்று கார்புரேட்டர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். பானெட்டைத் தூக்கினால் காரின் முன்பாதியே எழுந்து நிற்கும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஒரு ஈ-டைப்பை ஓவியங்களோடும் சிற்பங்களோடும் சேர்த்து வைத்திருக்கிறது. அது சும்மா இல்லை.

ஆனால் ஈ-டைப் எண்ணிக்கையில் அரிதல்ல. மொத்தம் எழுபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். அரிது எதுவென்றால், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே பாடியோடு இன்றும் நிற்கும் ஆரம்பகால கார். ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பார்கள். சேஸி (காரின் அடிச்சட்டம்) எண், எஞ்சின் எண் எல்லாம் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்கள், ஒரே நிறம், ஒரே பளபளப்பு. எஞ்சின் வேறு என்றால் ஒன்றின் மதிப்பு அங்கேயே கணிசமாக இறங்கிவிடும். பணம் போனது இந்த இடத்தில்தான்.

அந்தத் தரகர் முதல் பேச்சிலேயே பெரிய பெரிய கணக்குகளை எடுத்துவிட்டார். 2018-ல் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது, 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போனது, பழைய கார் என்றால் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த மெர்சிடிஸ் உலகத்திலேயே மொத்தம் இரண்டுதான் செய்யப்பட்டது. எழுபதாயிரத்தில் ஒன்றை விற்க அதைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில் என்ன நியாயம்? எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை, விற்பவர் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நான் நம்பியது அதனால் அல்ல. முன்பணம் பற்றிப் பேச்சு வந்தபோது அவராகவே நிறுத்தி, “ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை” என்றார். ஓட்டுநர் பக்கத் தரைத்தகட்டில் துரு இருக்கிறதாம். ஒட்டுப் போட்டிருக்கிறார்களாம். உரிமையாளருக்கு அதைச் சொல்வதில் இஷ்டமில்லையாம், இவருக்கு மனசு கேட்கவில்லையாம். அடுத்த நிமிடமே கீழிருந்து எடுத்த படங்கள் வந்தன. துரு உண்மை, ஒட்டும் உண்மை. கேட்காமலே குறையைச் சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? நீங்கள் படுவீர்களா?

இப்போது புரிகிறது. தரைத்தகடு புதிதாகக் கிடைக்கும், வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். மலிவான குறையை எடுத்து நீட்டிவிட்டு விலையுயர்ந்த குறையை மடியில் கட்டிக்கொண்டார்.

சான்றிதழும் காட்டினார். ஜாகுவாரின் பழைய பதிவேடுகளைப் பார்த்துப் பாரம்பரிய அறக்கட்டளை கொடுக்கும் சான்றிதழ். சேஸி எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எஞ்சின் எண், நிறம், தயாரித்த தேதி எல்லாம் அதில் உண்டு. போலி அல்ல, அசல் சான்றிதழ். ஆனால் அது சொல்வது 1962-ல் தொழிற்சாலையிலிருந்து என்ன வெளியே போனது என்பதை மட்டும்தான். இன்று பானெட்டுக்குக் கீழே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கிறவன் அந்தப் பிள்ளைதான் என்று சாதிப்பது போல.

முன்பணம் 18,500 டாலர், வங்கி வழியாக. நான் அனுப்பும் பரிசோதகர் பார்த்துத் திருப்தி இல்லை என்றால் முழுப் பணமும் திரும்பி வரும் என்று தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார். பணம் போய்ச் சேர்ந்ததும் கார் காணாமல் போக ஆரம்பித்தது. சாவி உரிமையாளரிடம், உரிமையாளர் வெளிநாட்டில், கிடங்கு பூட்டு, பேட்டரி இறங்கிவிட்டது. ஒருவழியாகப் பரிசோதகர் உள்ளே போனார்.

ஈ-டைப்பில் எஞ்சின் எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கில் (எஞ்சினின் முக்கிய உடல்பகுதி) ஒன்று, அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம் ஒன்று. எனக்கு வந்த படங்களில் பிளாக் எண் மட்டும்தான் இருந்தது, சான்றிதழோடு கச்சிதமாகப் பொருந்தியது. பரிசோதகர் நேரில் பார்த்தபோது அந்த இடம் மட்டும் தேய்த்து வழவழவென்று இருந்தது. எழுத்துகள் கோணல், ஆழம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஹெட்டில் இருந்ததோ 7ஈ என்று தொடங்கும் எண். அது 1964 இறுதியில் வந்த 4.2 லிட்டர் ஈ-டைப்புக்கு உரியது. இத்தனை ஆண்டுகளில் ஹெட் மாற்றுவது நடக்கக்கூடியதுதான், அதை நான் பெரிதாக்க மாட்டேன். பிளாக்கில் எண்ணைத் தேய்த்துப் புதிதாக அடித்திருப்பதை என்ன சொல்வது? இதே குடும்பத்து எஞ்சினை ஜாகுவார் தன் செடான் கார்களிலும் போட்டது. உடைத்த செடானிலிருந்து ஒரு பிளாக் எடுத்து, எண்ணை அழித்து, வேண்டிய எண்ணை அடிப்பது தெரிந்தவனுக்குப் பெரிய வேலை இல்லை. கூடவே, கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியில் காந்தம் ஒட்டவில்லை. துருவை மறைக்க உள்ளே முழுக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள். அந்தத் துருவைப் பற்றி மட்டும் அவருக்கு மனசு உறுத்தவில்லை போலிருக்கிறது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அறிக்கையை அனுப்பினேன். “உங்கள் ஆளின் சொந்த அபிப்பிராயம்” என்றார்கள். 18,500 டாலரைத் திருப்பிக் கேட்டேன். கணக்குப் பிரிவு பார்க்கிறது என்றார்கள். கணக்குப் பிரிவில் கேட்டால் ரசீதைப் படியுங்கள் என்றார்கள். ரசீதில் முன்பணம் என்ற சொல்லே இல்லை, ‘ஒதுக்கீட்டுக் கட்டணம்’ என்று இருக்கிறது. காரை எனக்காக ஒதுக்கி வைத்த கூலியாம்! அடுத்து, பணம் உரிமையாளரிடம் போய்விட்டது என்றார்கள். அவருடைய முகவரியைக் கேட்டால் தனியுரிமை. வேறு காரை எடுத்துக்கொண்டால் கழித்துக்கொள்வோம் என்று ஒரு சலுகை வேறு. நடுவில் ஒருத்தர், காரின் எண்ணை இணையத்தில் சரிபார்த்த ‘சுத்தமான அறிக்கை’ ஒன்றை அனுப்பினார். அந்தச் சரிபார்ப்பு நம்பியிருக்கும் 17 இலக்கக் கார் எண் முறை 1981 மாடலிலிருந்துதான். 1962 காருக்கு அதில் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காததைத்தான் சுத்தம் என்கிறார்கள்.

இன்றைய மின்னஞ்சலில் இரண்டே வரி. விவகாரம் முடிந்ததாகக் கருதுகிறார்களாம். வங்கியோ நானே சம்மதித்து அனுப்பிய பணம் என்று கை விரிக்கிறது.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனநிலை இல்லை, அவசரத்துக்கு இவை மட்டும். பரிசோதனைக்கு முன்னால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். திருப்பித் தருவோம் என்பது எழுத்தில் வரட்டும், ரசீதில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எண் அடித்திருக்கும் எல்லா இடத்தையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். பரிசோதகரை நீங்களே பிடியுங்கள், அவர்கள் சொல்லும் ஆள் வேண்டாம்.

விளம்பரம் மறுபடி ஏறியிருக்கிறது. 1962 கூபே, வெள்ளி கலந்த நீலம், சிவப்பு சீட், ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று அதே வாசகம், விலை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். யாருக்காவது இந்தக் கார் காட்டப்பட்டிருந்தால், முன்பணம் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ரசீது இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னொருவருடைய ரசீதும் இருந்தால் கனமாக இருக்கும்.